8 வயது முதல் 72 வரை ஒரே ஜமுக்காளத்தில்: எந்தச் சீட்டாட்டம் சரிப்படும்?

வைகைக்கரை கேட்டது:

கோடை விடுமுறையில் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். மூன்று பிள்ளைகள் (8, 11, 14), நடுவயதுக்காரர்கள் மூன்று பேர், எழுபது தாண்டிய பெரியவர்கள் இரண்டு பேர். மாலையில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சீட்டு ஆடலாம் என்று திட்டம். பணம் வைக்கப்போவதில்லை. இதில் உறுதி.

கேட்க வேண்டியது இதுதான். எல்லாரும் ஆடக்கூடிய ஆட்டம் எது? ரம்மி என்றால் எந்த வகை? வீட்டுக்கு வீடு விதி மாறுவதால் நடுவில் சண்டை வருகிறதே, முன்கூட்டியே எதையெல்லாம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்? பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், பெரியவர்களுக்கு ஞாபகசக்திக்கு நல்லது என்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை? "நல்ல பொழுதுபோக்கு" என்பதோடு நிறுத்திவிடாமல் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

இஸ்பேட் ராணி:

முதலில் ஆட்டத்தைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அந்த ஆட்டத்திலிருந்து பணத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூணு சீட்டில் ஒன்றும் இருக்காது. உள்ளே வெளியேயில் சுத்தமாக இருக்காது, சீட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. இந்த இரண்டையும் ஒதுக்குங்கள். கழுதை, ரம்மி, இருபத்தெட்டு போன்றவை பணம் இல்லாமலும் ஆட்டமாகவே நிற்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறதே, அதனால்.

இரண்டாவது சோதனை, யாராவது வெளியே உட்கார வேண்டி வருமா என்பது. தோற்றவர் எழுந்து போகும் ஆட்டத்தில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும். அது நேரே போய் போனை எடுக்கும். பிறகு நீங்கள் கூப்பிட்டாலும் வராது. குடும்பத்தோடு ஆடுவதன் பலன் எல்லாரும் கடைசி வரை உட்கார்ந்திருப்பதில்தான் இருக்கிறது.

உங்கள் கூட்டத்துக்கு முதல் நாள் கழுதையில் தொடங்குங்கள். (சில ஊர்களில் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.) ஒரு கட்டு, 52 சீட்டு, ஜோக்கர் வேண்டாம். நாலு முதல் ஆறு பேர் வரை நன்றாக இருக்கும். எல்லாச் சீட்டையும் பிரித்துப் போட்டுவிடுங்கள். ஐந்து பேர் என்றால் ஆளுக்குப் பத்து, இரண்டு பேருக்கு மட்டும் ஒன்று கூடுதல். அதனால் பாதகமில்லை.

இஸ்பேட் ஏஸ் வைத்திருப்பவர் அதை இறக்கித் தொடங்குவார். மற்றவர்கள் அதே ஜாதிச் சீட்டைப் போட வேண்டும். எல்லாரிடமும் அந்த ஜாதி இருந்தால் அந்தச் சுற்றுச் சீட்டு முழுதும் கவிழ்த்து ஓரமாகப் போகும். பெரிய சீட்டு போட்டவர் அடுத்த சுற்றை இறக்குவார். ஒருவரிடம் அந்த ஜாதி இல்லையென்றால் அவர் வேறு ஏதாவது ஒரு சீட்டைப் போட்டு வெட்டுவார். ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். அதுவரை இறக்கிய ஜாதியில் பெரிய சீட்டு போட்டவர் அத்தனையையும் கையில் அள்ளிக்கொண்டு அவரே அடுத்ததை இறக்க வேண்டும். கையில் சீட்டு தீர்ந்தவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை.

இதில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால், 13 என்ற எண்ணில். ஒவ்வொரு ஜாதியிலும் 13 சீட்டு. ஐந்து பேர் ஆட்டத்தில் இஸ்பேட் வெட்டுப்படாமல் இரண்டு சுற்று ஓடிவிட்டால் பத்து போய்விட்டது, மிச்சம் மூன்றுதான். ஐந்து பேரிடம் மூன்று சீட்டு என்றால் குறைந்தது இரண்டு பேரிடம் இஸ்பேட் இல்லை. ஆகவே மூன்றாவது முறை இஸ்பேட் இறக்கினால் வெட்டு நிச்சயம். அப்போது கையில் ராஜாவை வைத்துக்கொண்டு இஸ்பேட் இறக்குபவர் தானாகவே போய்ப் பொறியில் விழுகிறார். நாலு பேர் ஆட்டம் என்றால் மூன்று சுற்று தாங்கலாம் (12 போய் ஒன்று மிச்சம்), நாலாவதில் வெட்டு. ஆறு பேர் என்றால் இரண்டு சுற்றில் 12 போய்விடும், மூன்றாவதில் வெட்டு. இதுவும் சீட்டு சமமாகப் பிரிந்த நல்ல நிலையில் வரும் உச்சவரம்புதான். பிரித்துப் போட்டதில் ஒருவருக்கு ஒரு ஜாதியே வராமல் போயிருந்தால் முதல் சுற்றிலேயே வெட்டு விழும்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைப் பாடமாக நடத்தாதீர்கள். "இஸ்பேட் ரெண்டு சுத்து ஓடிடுச்சு, வெளியே இன்னும் எத்தனை இருக்கும்?" என்று ஆட்டத்தின் நடுவே ஒரே ஒரு கேள்வி. போதும். அடுத்த ஆட்டத்தில் தானாகவே எண்ணும். பெரிய சீட்டை முதல் சுற்றிலேயே தள்ளிவிட வேண்டும், சின்னதைக் கடைசிக்கு வைக்க வேண்டும் என்பதும் அதன் பின்னால் தானே வரும்.

தகராறு வரும் இடங்கள் இரண்டு. முதல் சுற்றிலேயே வெட்டு விழுந்தால் அள்ள வேண்டுமா? பல வீடுகளில் முதல் சுற்றுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு, வெட்டுச் சீட்டையும் சேர்த்து ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அடுத்தது, கடைசிச் சீட்டைப் போட்டவரே அந்தச் சுற்றில் பெரியவராக இருந்தால்? அடுத்து இறக்க அவர் கையில் சீட்டு இல்லை. அவர் தப்பித்தார், அவருக்கு அடுத்து சீட்டு வைத்திருப்பவர் இறக்குவார் என்று வைத்துக்கொண்டால் ஆட்டம் வேகமாக முடியும். ஓரமாக உள்ள கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்து இறக்கட்டும் என்றால் ஆட்டம் கொஞ்சம் கடுமையாகும். எதுவானாலும் சீட்டுப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. கையில் ஜாதி இருந்தும் இல்லையென்று வெட்டுவது சின்னப் பிள்ளைகளிடம் அடிக்கடி நடக்கும். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, விசிறியாகப் பிடிக்கத் தெரியாததால் ஒரு சீட்டு பின்னால் ஒளிந்துகொள்ளும். ஜாதி வாரியாக, கறுப்பு சிவப்பு மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லுங்கள்: இஸ்பேட், ஆட்டின், கிளாவர், டைமன். பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறம் வராததால் குழப்பம் குறையும்.

---

கணக்கு வாத்தியார்:

ரம்மிக்கு நான் எழுதுகிறேன். மேலே சொன்ன "யாரும் வெளியே உட்காரக் கூடாது" என்பதை வைத்தே வகையை முடிவு செய்துவிடலாம். 101 பூல், 201 பூல் வேண்டாம். எண்ணிக்கை எட்டியவர் வெளியே போக வேண்டியிருக்கும். கை எண்ணிக்கையை முடிவு செய்து ஆடுங்கள். ஆறு பேர் என்றால் ஆறு கை. ஆளுக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டதும் ஆட்டம் முடிந்தது. கூட்டிப் பார்த்தால் யாருக்குப் புள்ளி குறைவோ அவர் ஜெயித்தார். எப்போது முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் சமையலறைக்குப் போக வேண்டியவர்களும் நிம்மதியாக உட்காருவார்கள்.

விதியை ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். இவ்வளவு இருந்தால் போதும்:

ஆளுக்கு 13 சீட்டு. ஆறு பேர் வரை இரண்டு கட்டு, கட்டுக்கு ஒரு ஜோக்கர் சேர்த்து 106 சீட்டு. குறைந்தது இரண்டு வரிசை (ஒரே ஜாதியில் அடுத்தடுத்த சீட்டு) வேண்டும், அதில் ஒன்று ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் ரம்மி. மிச்சம் வரிசையாகவோ செட்டாகவோ (ஒரே எண், வேறு வேறு ஜாதி) இருக்கலாம். செட்டில் ஒரே ஜாதிச் சீட்டு இரண்டு வரக் கூடாது. இரண்டு கட்டு கலந்திருப்பதால் இரண்டு ஆட்டின் ஏழு ஒரே கையில் வரும், புதியவர்கள் அதைச் சேர்த்துச் செட் என்று இறக்குவார்கள். ஏ-2-3 உண்டு, ராணி-ராஜா-ஏ உண்டு, ராஜா-ஏ-2 கிடையாது. வெட்டிப் போட்ட ஜோக்கர் (அதன் எண் உள்ள சீட்டெல்லாம் அந்தக் கைக்கு ஜோக்கர்) அச்சடித்த ஜோக்கராகவே வந்துவிட்டால் நாலு ஜாதி ஏஸும் ஜோக்கர்.

புள்ளி: ஏ, ராஜா, ராணி, ஜாக்கி தலா 10. மற்றவை அதில் உள்ள எண். ஜோக்கருக்குப் புள்ளி இல்லை. அதிகபட்சம் 80. முதல் சீட்டு எடுக்கும் முன் ஸ்கூட் விட்டால், அதாவது அந்தக் கையிலிருந்து விலகினால் 20, நடுவில் விட்டால் 40. தப்பாக டிக் அடித்தால் (எல்லாம் சேர்ந்துவிட்டது என்று கையை இறக்கினால்) 80.

சண்டை வருவது பெரும்பாலும் எண்ணும்போதுதான். ஒருவர் டிக் அடித்ததும் மற்றவர்கள் கையை எப்படி எண்ணுவது? ஒரிஜினல் ரம்மி இல்லையென்றால் செட் இருந்தாலும் 13 சீட்டும் எண்ண வேண்டும். ஒரிஜினல் இருந்து இரண்டாவது வரிசை இல்லையென்றால் அந்த ஒரிஜினலுக்கு மட்டும் விலக்கு, செட் எல்லாம் எண்ணிக்கையில் வரும். இரண்டும் இருந்தால் சேராத சீட்டுக்கு மட்டும் புள்ளி. இந்த மூன்று வாக்கியத்தையும் தாளில் பெரிதாக எழுதுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தீரும்.

இனி 11, 14 வயதுக்காரர்களுக்கான விஷயம். எந்தச் சீட்டுக்குக் காத்திருப்பது லாபம் என்பது எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடியது. கையில் ஆட்டின் 5, 6 இருந்தால் 4 வந்தாலும் 7 வந்தாலும் சேரும். இரண்டு கட்டில் அப்படி நாலு சீட்டு இருக்கிறது. 5, 7 இருந்தால் 6 மட்டும்தான், இரண்டே சீட்டு. ஏ, 2 இருந்தால் 3 மட்டும், அதுவும் இரண்டுதான். ராஜா, ஏ இருந்தால் ராணி மட்டும், இரண்டு. இஸ்பேட் 7, ஆட்டின் 7 ஜோடிக்கு கிளாவர் 7, டைமன் 7 என்று நாலு சீட்டு உதவும், ஆனால் அதில் ஒரிஜினல் வராது, செட்தான் வரும். ஆகவே தொடக்கத்தில் எதைக் கழிப்பது என்று முழிக்கும் பிள்ளையிடம் "எதுக்கு எத்தனை சீட்டு உதவும், எண்ணு" என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு, கீழே விழுந்த சீட்டை அந்த எண்ணிக்கையிலிருந்து குறைக்க வேண்டும். ஆட்டின் 4 இரண்டும் எதிராளிகள் போட்டுவிட்டார்கள் என்றால் உங்கள் நாலு இப்போது இரண்டாகிவிட்டது. நிகழ்தகவு என்று பள்ளியில் வருவதற்கு முன்பே கையில் வந்துவிடும்.

புள்ளி எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ராஜா, ஜாக்கி, 9, 8, 6 என்றால் முதலில் பத்துகளைத் தனியாக எடுத்து, மிச்சத்தைக் கூட்டி, 43 என்று சொல்லட்டும். பெரியவர் ஒருவர் சரிபார்க்கட்டும். ஒருவர் கையை இன்னொருவர் எண்ண வேண்டும், தன் கையைத் தானே எண்ணக் கூடாது என்று வைத்துவிட்டால் தவறும் குறையும், சந்தேகமும் வராது.

எட்டு வயதுப் பிள்ளைக்கு 13 சீட்டைப் பிடிப்பது கஷ்டம். முதல் இரண்டு நாள் பெரியவர் ஒருவரோடு கூட்டுக் கையாக உட்கார வையுங்கள். எடுப்பது, கழிப்பது பிள்ளை. அடுக்கி வைப்பது பெரியவர். யோசனையைக் காதில் சொல்லலாம், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

---

பனங்கூடல்:

யாழ்ப்பாணப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லாரும் முதலில் சொல்லுறது 304 தான். நாலு பேர், எதிரெதிரே இருக்கிற ரெண்டு பேர் ஒரு சோடி. தாத்தாவையும் பேரனையும் ஒரு சோடியாக விட்டால் இதைப் போல ஆட்டம் வேறு இல்லை. ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்காமல், போடுற சீட்டை வைச்சே மற்றவர் என்ன நினைக்கிறார் எண்டு விளங்கிக்கொள்ள வேணும்.

ஒரு கட்டில 2 முதல் 6 வரை எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ. 20 சீட்டு போய் 32 மிச்சம். ஜாக் தான் பெரிசு, அதுக்குக் கீழ 9, பிறகு ஏஸ், 10, கிங், குயின், 8, 7. புள்ளி: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டும் இல்லை. ஒரு ஜாதிக்கு 76. நாலு ஜாதிக்கும் சேர்த்து 304. பெயர் வந்த காரணமும் அதுதான்.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அந்த நாலை வைச்சே கேள்வி கேட்க வேணும் (இத்தனை புள்ளி எடுப்பம் எண்டு சொல்லுறது), 160 இல தொடங்கும். கூடக் கேட்டவர் தன்ர துரும்பை (மற்ற ஜாதிகளை வெட்டுற ஜாதி) ஒரு சீட்டாகக் கவிழ்த்து வைப்பார். பிறகு மிச்ச நாலு சீட்டும் வரும். சீட்டுப் போடுறதும் ஆடுறதும் வலப்பக்கமாகப் போகும். போட்ட ஜாதி கையில இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். சுற்று முடிய, துரும்பு வைச்சவர் அதை எடுத்துப் பார்ப்பார். அது துரும்பாக இருந்தால் திறக்க வேணும், அதோட துரும்பு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். இல்லையெண்டால் அப்படியே கவிழ்ந்தபடி போகும். மற்றவர்களுக்கு அது என்ன சீட்டெண்டு தெரியாது.

புதுசாகப் பழகுறவர்கள் விடுற பிழை எப்பவும் ஒண்டுதான்: கையில ஜாக்கும் ஒன்பதும் கண்டவுடனே 200 க்கு மேல கேட்கிறது. அந்த ரெண்டும் சேர்ந்தாலும் 50 தான். 160 எடுக்கவே மொத்தப் புள்ளியில பாதிக்கு மேல வேணும், பாதி எண்டால் 152. மிச்சம் நாலு சீட்டில என்ன வரும், எதிர இருக்கிறவரிட்ட என்ன இருக்கும் எண்டு ஒரு கணிப்பு இல்லாமல் கேள்வியை ஏத்தக்கூடாது. பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல பாடம். பாதி தெரிஞ்ச நிலையில ஒரு வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைக் காப்பாற்ற ஆட வேணும்.

சோடிக்குள்ள கண்ணைச் சிமிட்டுறது, இருமுறது, சீட்டை மேசையில அடிச்சுப் போடுறது எல்லாம் களவுதான். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கோ. கல்லு வைச்சு வெற்றி தோல்வியை எண்ணுற கணக்கு ஊருக்கு ஊர் வேறை, அதால நான் எழுதேல்லை. கேட்டதை எடுத்தால் ஒரு புள்ளி, விட்டால் எதிர்ச் சோடிக்கு ரெண்டு எண்டு வைச்சுக்கொண்டாலே வீட்டுக்குப் போதும்.

எட்டு வயதுக்கு இது சரிவராது. பதினொண்டு வயதுப் பிள்ளை முயன்று பார்க்கலாம். 11, 30, 20 எண்டு கூட்டுறது கஷ்டமாக இருந்தால் இருபத்தெட்டில தொடங்குங்கோ. அதே 32 சீட்டு, அதே வரிசை, ஆனால் ஜாக் 3, ஒன்பது 2, ஏஸ் 1, பத்து 1, மிச்சத்துக்கு ஒண்டும் இல்லை. ஒரு ஜாதிக்கு 7, நாலுக்கும் 28. கேள்வி 14 இல தொடங்கும்.

---

இஸ்பேட் ராணி:

பனங்கூடல் சொன்னதோடு சின்ன ஒட்டு. கேரளத்தில் இருபத்தெட்டைப் பெரிதாக்கி 56 என்று ஆடுவார்கள். ஆறு பேர், மூன்று மூன்று பேராக இரண்டு கட்சி, மாற்றி மாற்றி உட்கார வேண்டும். இரண்டு கட்டிலிருந்து ஜாக்கி, 9, ஏ, 10, ராஜா, ராணி மட்டும் எடுத்தால் 48 சீட்டு, ஆளுக்கு எட்டு. புள்ளி மேலே சொன்னதுதான், இரண்டு கட்டு என்பதால் மொத்தம் 56. ஆறு பேர் ஒரே ஆட்டத்தில் இருக்க வேண்டும், ஆனால் ரம்மி அலுத்துவிட்டது என்றால் இதற்கு நகரலாம்.

---

மருந்துச்சீட்டு:

பெரியவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

ஞாபகசக்தி பற்றிய கேள்விக்கு நேரான பதில்: சீட்டு ஆடினால் மறதி நோய் வராது என்று நிரூபணம் எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் எதையும் நம்ப வேண்டாம். ஆடும் நேரத்தில் நடப்பது என்ன என்று பார்த்தால், விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், கையை அடுக்க வேண்டும், முன்பு போட்ட திட்டத்தைப் புதுச் சீட்டு வந்ததும் மாற்ற வேண்டும். மூளைக்கு வேலைதான். அதைவிடப் பெரிய விஷயம், ஒன்றரை மணி நேரம் பேரப்பிள்ளைகளோடு சமமாக உட்கார்ந்து பேசுவது. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதைத் தாண்டி அவர்களிடம் பேச்சே இல்லாத வீடுகளில் இதன் அருமை தெரியும். சீட்டு கையில் இருந்தால் "தாத்தா, அதைப் போடாதீங்க" என்று சண்டை போடவாவது விஷயம் கிடைக்கிறது.

பெரியவர்கள் "எனக்கு வேண்டாம், நீங்க ஆடுங்க" என்று ஒதுங்கினால் ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் கண்ணும் கையும்தான். மூலையில் உள்ள எண் சின்னதாக இருந்தால் 6, 8, 9 மூன்றும் ஒன்றாகத் தெரியும். மங்கின விளக்கில் ஆட்டினும் டைமனும் பிரித்துத் தெரியாது. எண்ணும் குறியும் பெரிதாக அச்சிட்ட கட்டு கடையில் கிடைக்கும், ஜம்போ என்று கேளுங்கள். நாலு ஜாதிக்கும் நாலு நிறம் உள்ள கட்டும் உண்டு. விளக்கு அவர்கள் தோளுக்குப் பின்னால் மேலிருந்து வர வேண்டும், முகத்துக்கு நேரே வேண்டாம். வழுவழுப்பான சீட்டில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும்.

அளவையும் பாருங்கள். போக்கர் சீட்டு சுமார் 63 மி.மீ. அகலம், பிரிட்ஜ் சீட்டு 57 மி.மீ. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். 13 சீட்டு பிடிக்க வேண்டிய ரம்மிக்கு அந்த 6 மி.மீ. குறைவு விரல் வலி உள்ளவர்களுக்குப் பெரிய வித்தியாசம். இரண்டு கட்டு வாங்கும்போது ஒரே அளவாக வாங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கலந்தால் எந்தக் கட்டுச் சீட்டு என்று பின்பக்கத்திலிருந்தே தெரிந்துவிடும்.

கை நடுக்கம் இருந்தால் சீட்டுத் தாங்கி வாங்கலாம், பள்ளம் வெட்டிய மரக்கட்டைதான் அது. இல்லையென்றால் பழைய துணி துவைக்கும் பிரஷ்ஷைத் தலைகீழாக வைத்து, முள்ளுக்கு நடுவே சீட்டைச் செருகுங்கள், நிற்கும். சுத்தமான பிரஷ்ஷாக இருக்கட்டும்! தரையில் சம்மணம் போட முடியாதவருக்காக மற்ற எல்லாரையும் மேசைக்கு மாற்றுங்கள். அவரை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்தால் கீழே இருப்பவர்கள் கை அவருக்குத் தெரியும், அதை வைத்தே ஒரு பஞ்சாயத்து வரும்.

அட்டைச் சீட்டு கோடை வியர்வைக்கு இரண்டு நாளில் ஒட்டத் தொடங்கும். பிளாஸ்டிக் சீட்டு விலை கூடுதல், ஆனால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

---

கணக்கு வாத்தியார்:

சீட்டு ஒட்டுவது பற்றிச் சொன்னதால் கலைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது பலர் கவனிக்காத இடம். ரம்மி முடிந்ததும் செட்டும் வரிசையுமாக அடுக்கிய சீட்டுகளை அப்படியே சேர்த்துக் கையில் நாலு தடவை தட்டிவிட்டுப் போட்டால் அடுத்த கையில் ஒருவருக்கு 5-6-7 அப்படியே வந்து நிற்கும். "அவனுக்கு மட்டும் எப்பவும் அதிர்ஷ்டம்" என்ற புலம்பல் அங்கிருந்து வருகிறது.

இரண்டு பாதியாகப் பிரித்துச் சடசடவென்று ஒன்றுக்குள் ஒன்று விழவைக்கும் முறையில் 52 சீட்டுக்கு ஏழு தடவை வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நம் ஊரில் வழக்கமான, கொத்துக் கொத்தாக மேலிருந்து கீழே தள்ளும் முறை அதைவிட மிக மெதுவானது. பத்து இருபது தடவை செய்தாலும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் ஒட்டியேதான் வரும். 106 சீட்டை ஒரே கையில் பிடிக்கவும் முடியாது. ஆகவே எல்லாவற்றையும் கவிழ்த்துத் தரையில் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் நன்றாகத் துழாவுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். பிறகு சேர்த்து, போடுபவரின் பக்கத்தில் இருப்பவர் வெட்டட்டும்.

ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் சீட்டை எண்ணிவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு கிளாவர் 4 கிடந்தால் அதற்காகக் காத்திருந்தவர் கடைசி வரை காத்திருப்பார்.

---

ஒற்றைக்கை:

எல்லாரும் நன்மையாகவே பேசுகிறீர்கள். சீட்டினால் அழிந்த குடும்பங்கள் நம் ஊரில் குறைவா? இன்று வீட்டில் ரம்மி பழகும் 14 வயதுப் பிள்ளை நாளை போனில் பணம் வைத்து ஆடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

---

இஸ்பேட் ராணி:

பயம் நியாயமானது. உத்தரவாதம் யாரும் தர முடியாது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல், ஆந்திர அரசு தொடுத்த சத்தியநாராயணா வழக்கில் சொன்னது. மூணு சீட்டை அதிர்ஷ்ட ஆட்டம் என்று அதே தீர்ப்பு தனியாக வைத்தது. ஆடுகளம் நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதில் இருக்கிறது. போன் ஆட்டத்தில் பணம் கட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆகவே "திறமை ஆட்டம்தானே" என்று பிள்ளை வாதாடினால், திறமை என்பது வேறு, பணம் கட்டுவது வேறு என்று எடுத்துச் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது: "சும்மா ஒரு ரூபா" என்பதைக் கூட விடாதீர்கள். ஒரு ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் தோற்றதைத் திரும்பப் பிடிக்க இன்னொரு கை என்று நீட்டும் பழக்கம் அதிலிருந்தே வரும். புளியங்கொட்டை, சோழி வைக்கலாம். அதிலும், ஆட்டம் முடிந்ததும் எல்லாம் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும், நாளைக்குக் கணக்கு நீளக் கூடாது. "இன்னும் ஒரே ஒரு கை" என்று யார் கேட்டாலும், பெரியவராகவே இருந்தாலும், சொன்ன எண்ணிக்கையில் நிறுத்திவிடுங்கள். பிள்ளை பார்த்துப் பழக வேண்டியது அதைத்தான். தோற்றவருக்குத் தண்டனையாக டீ போடச் சொல்வதில் தவறில்லை, ஆனால் அது தினமும் ஒரே ஆள் தலையில், குறிப்பாக வழக்கமாகவே டீ போடுபவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. கழுதையில் தொடங்கி ரம்மிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஒரே சந்தேகம்: சில நாள் ஏழு பேர், சில நாள் எட்டு பேர் இருப்போம். இரண்டு கட்டிலேயே ரம்மி ஆடிவிடலாமா, மூன்றாவது கட்டு வேண்டுமா?

---

கணக்கு வாத்தியார்:

இரண்டு கட்டில் வேண்டாம். ஏழு பேருக்கு 91 சீட்டு போய்விடும், வெட்டு ஜோக்கர் ஒன்று, திறந்து வைப்பது ஒன்று, ஆக 93. 106-இல் மிச்சம் 13. எல்லாரும் கட்டிலிருந்தே எடுத்தால் இரண்டாவது சுற்று முழுதாக முடிவதற்குள் கட்டு காலி. கழித்த சீட்டைத் திரும்பக் கலைத்து வைக்க வேண்டியிருக்கும், எதெது விழுந்தது என்று நினைவில் வைத்திருந்தவருக்கு அதனால் பயனே இல்லாமல் போகும். எட்டுப் பேர் என்றால் 106-உம் அங்கேயே தீர்ந்துவிடும், எடுக்க ஒன்றும் இருக்காது.

மூன்று கட்டு, மூன்று ஜோக்கர், 159 சீட்டு. ஏழு பேருக்கு மிச்சம் 66, எட்டுப் பேருக்கு 53. தாராளம். மேலே சொன்ன காத்திருக்கும் கணக்கு மட்டும் மாறும்: 5, 6-க்கு உதவுவது ஆறு சீட்டு, 5, 7-க்கு மூன்று.

ஆனால் எட்டுப் பேர் ஒரே வட்டத்தில் ஆடினால் தன் முறை வர நேரமாகும், சின்னவர்கள் எழுந்து ஓடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளையை ஒரு பெரியவரோடு கூட்டுக் கையாக்கினால் ஏழு கை. இன்னொரு பிள்ளையையும் அப்படிச் சேர்த்தால் ஆறு கை, இரண்டு கட்டே போதும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். ஒன்றில் நாலு பேர் இருபத்தெட்டு, மற்றதில் நாலு பேர் கழுதை, இரண்டு ஆட்டத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றிக்கொள்ளலாம். இருபத்தெட்டில் ஒதுக்கிய 20 சீட்டைத் தூக்கி எறியாமல் புள்ளி காட்ட வைத்துக்கொள்ளுங்கள், தாளும் பேனாவும் தேட வேண்டாம்.